பேசுனாராப்பா?

அந்த அக்கா இப்போது திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்தத் தொகுதிக்கு யார் எம்.பி. என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் சரி, மனுஷனுக்கு நேரம் சரியில்லை என்றுதான் சொல்வேன்.

எனக்கு அருப்புக்கோட்டையில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் என்பது போர்டில் இருக்கிற பெயர். உள்ளே வந்தால் பட்டா எடுத்துக் கொடுப்பேன், வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுவேன், பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சொல்வேன், ஆதாரில் பிறந்த தேதி தப்பாக இருப்பவர்களிடம் ஏச்சு வாங்குவேன். தேதியைத் தப்பாக அடித்தது நானா? இல்லை. ஆனாலும் ஏச்சு எனக்குத்தான். அப்படிப்பட்ட கடைக்கு ஒருநாள் காலையில் இந்த அக்கா வந்து, கவுண்டர் கண்ணாடியை விரலால் தட்டினார்.

"ஏப்பா, எம்.பி. பேசுனாரான்னு இதுல பாக்க முடியுமா?"

"எந்த மீட்டிங்குக்கா? யூடியூப்ல கெடக்கும்."

"மீட்டிங்கு இல்லப்பா. டெல்லியில. பார்லிமெண்டுல."

கடை திறந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். ஒல்லியான, நெடுநெடுவென்ற உருவம். கையில் வயர் கூடை. அதற்குள் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, மருந்துச் சீட்டு. முகத்தில் கேலி எதுவும் இல்லை. ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டதா என்று கேட்கிற முகம்தான்.

"எதுக்குக்கா?" என்றேன்.

"பேசுறேன்னு சொன்னாரு. அதான் பேசுனாரான்னு கேக்குறேன்."

அவ்வளவுதான் விஷயம். அந்த அக்காவின் மொத்த குணமும் அந்த ஒரு வரிக்குள் இருந்தது. எனக்குத்தான் அது புரிய நாளானது.

அவருடைய ஊர் திருச்சுழி போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். முன்பு அங்கே கேட் இருந்தது, கேட்கீப்பர் இருந்தார். பிறகு கேட்டை எடுத்துவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் குழி தோண்டிச் சுரங்கப்பாதை கட்டினார்கள். எங்கள் பக்கத்தில் மழையைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். பெய்கிற கொஞ்ச மழையும் நேரே போய் அந்தக் குழிக்குள் நின்றுகொள்ளும். கண்மாய் நிறையாது, சுரங்கப்பாதை நிறைந்துவிடும். யார் போட்ட பிளானோ, அந்தப் புண்ணியவான் எங்கே இருக்கிறாரோ! ஐப்பசி, கார்த்திகையில் ஊருக்கு வெளியே வர வேண்டுமென்றால் கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். அது கரிசல் மண். மழை பெய்தால் ஆட்டோ வராது. வந்தாலும் திரும்பாது.

மற்றவர்களுக்கு இது தொந்தரவு. அக்காவுக்கு அது அவர் வீட்டுக்காரரின் உயிர். அந்த மனுஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்தில் இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும், அதற்கு அடுத்ததை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவரை மிஷினில் படுக்க வைத்துவிட்டால் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். கூட வந்தவர்கள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்து சீரியல் கதை பேசுவார்கள். இந்த அக்கா அந்த நேரத்தில் என் கடைக்கு வந்துவிடுவார்.

தேர்தலுக்கு முன்னால் எம்.பி. அந்த ஊருக்கு ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறார். ஜீப் மேல் நின்றபடி, "உங்க சப்வே பிரச்சினையைப் பார்லிமெண்டில் பேசுவேன்" என்று கையை மார்பில் வைத்துச் சொல்லியிருக்கிறார். ஊரே கைதட்டியது. கைதட்டிவிட்டு ஊரே அதை மறந்தும் போனது. எல்லா ஊரிலும் நடப்பதுதானே! இவர் ஒருவர் மட்டும் மறக்கவில்லை.

அன்றைக்குத் தேடிப் பார்த்தேன். பார்லிமெண்டு வலைத்தளத்தில் எல்லாம் இருக்கிறது. உறுப்பினர் எத்தனை நாள் வந்தார், என்ன கேள்வி கேட்டார், எதில் பேசினார், எல்லாமே. எனக்கே அன்றுதான் தெரியும். எங்கள் எம்.பி. வருகை நன்றாகவே இருந்தது. அதைச் சொன்னேன்.

"வாராராமா? நல்லது. எங்க வீட்டுல பெரிய மச்சினரு மகனும் பள்ளிக்கூடத்துக்குத் தெனமும் போனான். வாயத் தொறந்து ஒரு பதிலு சொன்னதில்ல. நீ வந்ததப் பாக்காதப்பா, பேசுனாரான்னு பாரு."

கேள்விகளைத் திறந்தேன். எல்லாம் இங்கிலீஷ். என்னுடைய இங்கிலீஷ் விண்ணப்பப் படிவத்துக்குப் போதுமானது, பார்லிமெண்டுக்குப் போதாது. இருந்தாலும் தட்டுத் தடுமாறி வாசித்துச் சொன்னேன். விமான நிலையத்தைப் பற்றி ஒரு கேள்வி, விண்வெளி ஆராய்ச்சி பற்றி ஒன்று, இன்னும் ஏதேதோ.

அக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "வானத்துலயே இருக்காரே! கொஞ்சம் எறங்கி வந்து ரயிலு ஓடுற தண்டவாளத்துக்குக் கீழ பாக்கச் சொல்லு" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மறுபடி எப்பக் கூடுவாக?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து கூட்டத்தொடர் நடக்கிற மாதங்களில் வாரத்துக்கு ஒரு தரமாவது வந்து கண்ணாடியைத் தட்டுவார். "பேசுனாராப்பா?" கடையில் கூட்டம் எப்படி இருந்தாலும் அதே கேள்வி. ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட வந்த பிள்ளைகள் முதலில் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவர்களே, "யக்கா, உங்க எம்.பி. இன்னைக்குப் பேசிட்டாரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "என் எம்.பி. என்னலே, ஒனக்கும் அவருதான்" என்பார்.

சரி, கோபக்காரர் என்றால் ஒரு சண்டை போட்டு அனுப்பிவிடலாம். இந்த அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே கிடையாது. குரல் உயராது. யாராவது ஒன்றைச் சொன்னால் அதைச் செய்கிற வரைக்கும் அவர் எதிரில் போய் நிற்பார். "சொன்னீகளே" என்பார். அவ்வளவுதான். 

எனக்கே நடந்தது. ஒருநாள் கடையில் நெட் படுத்துவிட்டது. "நாளைக்குக் காலைல வாங்கக்கா, பாத்து வைக்கிறேன்" என்று வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். நாம் எல்லோரும் சொல்வதுதானே? யார் வரப்போகிறார்கள்? மறுநாள் நான் ஷட்டரைத் தூக்குகிறேன், படியில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு ஆஸ்பத்திரி நாளும் இல்லை. இதற்கென்றே பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"என்னக்கா இம்புட்டு வெள்ளன?"

"நீ சொன்னீல்லப்பா."

அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது, மறைக்கவில்லை. "ஒரு பேச்சுக்குச் சொன்னா வந்து நிப்பீகளாக்கா?" என்று கேட்டே விட்டேன். அவர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். "பேச்சுக்குச் சொல்றதுன்னா என்னப்பா? பேச்சு பேச்சுதான?" என்றார். நான் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

அடுத்தவர்களை மட்டும் விரட்டுகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். என் மனைவிக்குச் சர்க்கரை என்று பேச்சுவாக்கில் சொன்னேன். "எங்க கொல்லையில குருதவாலி வெளஞ்சிருக்கு. சக்கரைக்கு நல்லது, வெள்ளிக்கெழம கொண்டாந்து தாரேன்" என்றார். நான் அதை அன்றே மறந்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மழை. கடைக்கு ஈ காக்கை வரவில்லை. பன்னிரண்டு மணிவாக்கில் இடுப்புவரை நனைந்த சேலையோடு, தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு அக்கா வருகிறார். கூடைக்குள் குதிரைவாலி அரிசி, ஒரு பொட்டுத் தண்ணீர் படாமல்.

"ஏங்க்கா, இந்த மழையிலயா?"

"அவுகளக் கொண்டாந்து படுக்க வச்சிட்டுத்தான் வாரேன். சப்வேயில தண்ணி ஏறிருச்சு."

"அப்ப அண்ணனை எப்படிக் கொண்டு வந்தீங்க?"

சேலை நுனியைப் பிழிந்துகொண்டே சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, ஆடு மேய்க்கிற இரண்டு பேர், கொழுந்தன், இவர், நாலு பேருமாகத் தூக்கிக்கொண்டு ரயில் மேட்டில் ஏறியிருக்கிறார்கள். ஜல்லிக் கல்லில் கால் நிற்காது. மேலே ஏறியதும் ரயில் வருகிற சத்தம். நாற்காலியை இறக்கி வைக்கவும் இடமில்லை, பின்னால் போகவும் முடியவில்லை. அப்படியே கையில் பிடித்தபடி ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். ரயில் போன பிறகு இந்தப் பக்கம் இறங்கி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள்.

"அவுக நாற்காலியில உக்காந்துக்கிட்டு, 'என்னைய எறக்கி விடுங்கப்பா, நான் போயிச் சேருறேன்'ன்றாக. கல்யாணத்துல பல்லக்குல ஏறணும்னு ஆசப்பட்டீகளே, இப்ப ஏறிக்கோங்கன்னேன்" என்று சொல்லிவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்த வேகத்திலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.  டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்குமுன், "டிசம்பர்லதான அடுத்த கூட்டம்?" என்றார்.

அதற்குப் பிறகு நானும் விடவில்லை. எம்.பி. பேரைக் கம்ப்யூட்டரில் தினமும் ஒரு தரம் தட்டிப் பார்ப்பது எனக்கும் பழக்கமாகிவிட்டது. வீட்டில் என் மனைவி, "உங்களுக்கும் அந்தக் காத்து அடிச்சிருச்சா?" என்றாள். அடித்துவிட்டது.

அந்தக் கூட்டத்தொடரில்தான் ஒருநாள் ரயில்வேத் துறைக்கு எழுத்து மூலம் ஒரு கேள்வி கண்ணில் பட்டது. எங்கள் எம்.பி. கேட்டது. பல ஊர்ச் சுரங்கப்பாதைகளின் பெயர்களோடு இந்த ஊர்ப் பெயரும் இருந்தது.  அக்காவுக்குப் போன் போட்டு, "கேட்டுட்டாருக்கா!" என்று கத்தினேன். ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் எனக்கு ஏதோ லாட்டரி விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

வந்தார். "பதிலு என்ன?" என்றார்.

பரிசீலனையில் உள்ளது என்று பதில். அதை வாசித்தேன். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இது எப்படித் தெரியுமாப்பா? பொண்ணு பாக்க வந்தவுக பஜ்ஜியத் தின்னுட்டு, 'கலந்து பேசிட்டுச் சொல்லி விடுறோம்'னு எந்திரிச்சுப் போவாகல்ல, அது. எந்த வீட்டுல சொல்லி விட்டிருக்காக? பிடிச்சிருந்தா அங்கனயே பூ வச்சிருப்பாக."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனால் அவர் ஊர்க்காரர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வியையும் பதிலையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு கட்சிக்காரர் ஒருவர் ஊருக்கே போயிருக்கிறார். அக்காவின் கொழுந்தன் ஊரில் ஒரு முக்கியஸ்தர். அவர் ஒரு யோசனை சொன்னார். "முன்னாடியே நன்றி சொல்லி போர்டு வச்சிருவோம். மனுசன் வெக்கப்பட்டாவது செஞ்சு குடுத்துருவான்ல?" எங்கள் பக்கத்துத் தந்திரம் இது. கோயிலுக்கு மணி வாங்கித் தருகிறேன் என்று எவனாவது வாய்தவறிச் சொன்னால், உடனே அவன் பெயரை உபயம் என்று கல்லில் வெட்டிவிடுவார்கள். பிறகு அவன் எங்கே தப்பிப்பது? அதே கைவரிசையை டெல்லியிடம் காட்டினார்கள்.

சுரங்கப்பாதை வாசலிலேயே பெரிய ஃபிளெக்ஸ். எம்.பி. கும்பிட்டுச் சிரிக்கிறார். 'சுரங்கப்பாதைக் கோரிக்கையை நிறைவேற்றித் தந்த எங்கள் நாயகனுக்கு நன்றி! இவண், ஊர்ப் பொதுமக்கள்.'

"வேண்டாம்னு சொன்னேன்ப்பா" என்றார் அக்கா. "வேல முடியாம நன்றி சொன்னா, அப்புறம் என்னத்தக் கேப்பீகன்னேன். பொம்பளைக்கு என்ன தெரியும்ன்னுட்டாக."

அவர் பயந்தது அப்படியே நடந்தது. ரொம்ப நாள் ஆகியும் ஒரு ஆளும் வந்து அளக்கவில்லை. அக்கா எம்.பி.யின் ஆபீஸுக்கே நேரில் போய்விட்டார். அங்கே இருந்த உதவியாளர், தம்பி வயசுப் பையன், மரியாதையாகத்தான் பேசியிருக்கிறான். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொல்லியிருக்கிறான், "உங்க ஊரு வேலதான் முடிஞ்சு போச்சேம்மா. நீங்களே நன்றின்னு போர்டு வச்சிருக்கீங்களே!" என்று. கையிலிருந்த போனில் போட்டோவையும் காட்டியிருக்கிறான். எம்.பி.யின் சாதனைப் புத்தகத்தில் அந்த ஃபிளெக்ஸ் போட்டோ வழவழப்பான தாளில் வந்திருந்தது. அதற்கு மேலே 'நிறைவேற்றப்பட்ட பணிகள்' என்று தலைப்பு.

ஐயோ, அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம்! கடையில் இருந்தபடியே யார் யாரையோ ஏசினேன். அக்கா கூடையை எடுத்துக்கொண்டார். நேரே ஊருக்குப் போனார். வீட்டிலிருந்து அரிவாளை எடுத்துக்கொண்டு சுரங்கப்பாதைக்கு நடந்தார். பட்டப்பகலில், ஊர் பார்க்க, ஃபிளெக்ஸைக் கட்டியிருந்த கயிற்றை ஒவ்வொன்றாக அறுத்தார். கொழுந்தன் ஓடி வந்திருக்கிறார்.

"மதினி, கட்சிக்காரங்க சண்டைக்கு வருவாக."

"வரட்டும். வந்தா அவுகளையே கேப்போம், எங்க நிறைவேத்துனீகன்னு."

ஃபிளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு போய் ஆட்டுக்கொட்டகைக் கூரையில் போட்டுக் கல் வைத்துவிட்டார். நான் ஒரு தரம் அங்கே போனபோது பார்த்தேன். எம்.பி. வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "நல்ல கெட்டியான ஃபிளெக்ஸுப்பா. ஒரு சொட்டு ஒழுகல" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு அவர் வேகம் கூடியது. ஊரில் வீடு வீடாகப் போய், இனி வேலை முடியாமல் யாரும் எதற்கும் நன்றி சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். கிராமசபையில் எழுந்து பேசினார். கடைக்கு வருவதும் நிற்கவில்லை. பேசுனாராப்பா? இல்லக்கா. சரி. இப்படியே இன்னொரு மழைக்காலமும் போயிற்று. நாற்காலி மறுபடியும் தண்டவாளம் ஏறி இறங்கியது. அண்ணன் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தார். தூக்குவது சுலபமாகிவிட்டது என்று அக்கா ஒருநாள் சொன்னார். அந்தச் சொல்லை இன்றுவரைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அண்ணன் சித்திரையில் இறந்தார். எங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத வெயில். சுரங்கப்பாதை காய்ந்து புழுதி பறந்தது. ஆட்டோ தடையில்லாமல் போய், தடையில்லாமல் ஆஸ்பத்திரி சேர்ந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. தகவல் வந்ததும் நான் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். பஸ்ஸில் போகும்போது, பாவம், இனி அக்காவுக்கு அந்தக் கவலையாவது விட்டது, இனிக் கடைக்கு வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஊரில் எல்லோரும் அதையேதான் பேசிக்கொண்டார்கள். யாருக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ அந்த ஆளே போய்விட்டாரே!

எம்.பி. அங்கே வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். பார்லிமெண்டில் பேசுவாரோ மாட்டாரோ, தொகுதியில் கல்யாண வீடு, காதுகுத்து, துக்க வீடு ஒன்றையும் விடமாட்டார். அடக்கம் முடிந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நான் மறுபடி போயிருந்தபோது, கார்கள் சுரங்கப்பாதை வழியாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தன. பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தார். கொழுந்தன் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன செஞ்சது?" என்று கேட்டார். கிட்னி என்றார்கள். தலையை ஆட்டினார்.  முறை தெரிந்த மனுஷன்தான். எழுந்தார், ஒரு வார்த்தை பேசாமல் வாசலைப் பார்க்க நடந்தார். துக்க வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாதல்லவா? யாரும் சொல்ல மாட்டார்கள், யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள்.

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சொல்லிட்டுப் போங்க."

 எம்.பி. நின்றார். அக்கா எழுந்து நின்றிருந்தார். தலை கலைந்திருந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கொழுந்தன் பதறிவிட்டார். "மதினி, என்ன பேசுறீக? துக்க வீட்டுல சொல்லிக்கிட்டுப் போகக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும். வாரேன்னு சொல்ல வேணாம். பேசுறேன்னு சொல்லிட்டுப் போகட்டும்."

எம்.பி.க்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த கட்சிக்காரர் காதில் ஏதோ சொன்னார். "அந்த வேல முடிஞ்சிருச்சே" என்று எம்.பி. மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

"முடியல" என்றார் அக்கா. "இப்பப் புழுதியா இருக்கு, அதான் உங்க காரு வந்துருச்சு. ஐப்பசியில வாங்க. நீங்க மேட்டுல ஏறித் தண்டவாளத்தத் தாண்டித்தான் வரணும். நாங்க அவுகள நாற்காலியில தூக்கிட்டுத் தாண்டுனோம்."

எம்.பி. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா விடவில்லை.

"அவுக இருந்தவரைக்கும், புருசனுக்காகக் கேக்குறான்னு எல்லாரும் நெனச்சாக. நெசந்தான், அவுகளுக்காகத்தான் கேட்டேன். இப்ப அவுக இல்ல. எனக்கு இனி ஒண்ணும் வேண்டியதில்ல. ஆனா இந்த ஊர்ல இன்னும் ஆளு இருக்கு. புள்ளத்தாச்சி இருக்கா. நாளைக்கு அவளையும் நாற்காலியில வச்சுத் தூக்கச் சொல்றீகளா? நீங்கதான சொன்னீக? ஜீப்புல நின்னுக்கிட்டு, நெஞ்சுல கை வச்சுச் சொன்னீகளே!"

குரல் அப்போதும் உயரவில்லை. ஆனால் 'சொன்னீகளே' என்ற இடத்தில் உடைந்துவிட்டது. அதன் பிறகுதான் அவர் அழுதார். பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவர்களை விலக்கிவிட்டு அழுதுகொண்டே நின்றார், பதிலுக்காக.

எம்.பி. தலையைக் குனிந்தபடி இருந்தார். எனக்கு அவர்மேல் எவ்வளவோ கோபம் உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் அந்த இடத்தில் நடிக்கவில்லை.

"பேசுறேம்மா" என்றார்.

"எப்ப?"

"வர்ற கூட்டத்துல."

"சரி. போங்க" என்றார் அக்கா.

மழைக்காலக் கூட்டத்தொடர் ஆடியில் தொடங்கியது. டெல்லிக்கு அப்போதுதான் மழைக்காலம். அக்கா வெள்ளையாக ஒரு நூல் சேலை கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வேலை இல்லாமல், இதற்காகவே பஸ் ஏறி வந்து கண்ணாடியைத் தட்டினார். முதல் வாரம் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது, அவருக்குப் போகவில்லை. ஒருநாள் மத்தியானம் நேரலையில் எங்கள் எம்.பி. எழுந்தார். தமிழிலேயே பேசினார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இருக்காது. ஊர்ப் பெயரைச் சொன்னார், சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதைச் சொன்னார், ஒரு நோயாளியை நாற்காலியில் வைத்துத் தண்டவாளம் கடந்தார்கள் என்றும் சொன்னார். அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து, திரைக்குப் பக்கத்தில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். கடையில் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். "கைதட்டாதீக" என்றார். "வேல முடியட்டும்."

அந்த வருஷ மழைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாசியில் ஆட்கள் வந்து அளந்தார்கள். ஓடைவரைக்கும் வாய்க்கால் வெட்டினார்கள், மேலே தகரக் கூரை போட்டார்கள், ஒரு அறை கட்டி மோட்டார் வைத்தார்கள். ஊரில் யாரும் போர்டு வைக்கவில்லை.

ஐப்பசியில் முதல் பெரிய மழை பெய்த அன்று எனக்குப் போன் வந்தது. எடுத்ததும் பேச்சு இல்லை. கடகடவென்று ஒரு சத்தம் மட்டும்.

"கேக்குதாப்பா?"

"கேக்குதுக்கா. என்னது?"

"மோட்டாரு. தண்ணிய இழுக்குது. இந்தா, இப்பத்தான் ஒரு ஆட்டோ உள்ள வந்து வெளிய போகுது. கணுக்கால்கூட நனையல."  பிறகு, "அவுகளும் ஆட்டோவுல உக்காந்தபடியே போயிருப்பாகல்ல" என்றார்.

 "ஆமக்கா" என்றேன்.

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு பழைய குரல் வந்தது.

"ஏப்பா, ஒண்ணு கேக்கணும். மழைன்னா மொத வேலையா கரண்டத்தான நிப்பாட்டுறாக? கரண்டு நின்னா இந்த மோட்டாரும் நின்னுரும்ல? ஜெனரேட்டரு வைக்கச் சொல்லிப் பேசணுமே. மறுபடி எப்பக் கூடுறாக, பாத்துச் சொல்லு."